அமெரிக்கப் பண்ணைகளுக்குப் போன கொரோனா நிவாரணப் பணம்: கணக்கைத் தேடிப் படிக்க ஒரு வழிகாட்டி

2020-ஆம் ஆண்டு அமெரிக்க அரசு தன் நாட்டுப் பண்ணைகளுக்கு நேரடியாகக் கொடுத்த தொகை 4,500 கோடி டாலருக்கு மேல். அதற்கு முன் எந்த ஆண்டும் அவ்வளவு போனதில்லை. அதில் பாதிக்கும் மேல் கொரோனாவுக்கான நிவாரணம். எந்தப் பெயருக்கு, எந்தக் கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்ற பிரிவு), எவ்வளவு போனது என்ற விவரத்தில் பெரும்பகுதி பொதுவில் இருக்கிறது. இணைய இணைப்பு இருந்தால் போதும், காசு கொடுக்காமல் எடுத்துப் பார்க்கலாம்.

ஆனால் முதல்முறை அந்தக் கோப்பைத் திறப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். தொகையைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலே நிற்கும் பெயர்களைப் பார்த்து, "இவ்வளவா!" என்று அதிர்கிறார்கள். அடுத்த நிமிடம் அந்தப் பெயர் சமூக ஊடகத்தில் ஏறிவிடுகிறது. அந்தத் தொகை ஒரு சூத்திரத்திலிருந்து வந்தது. சூத்திரம் தெரியாமல் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால், தப்பே செய்யாத விவசாயிமேல் பழி விழும். கேள்வி கேட்க வேண்டிய விதியோ கண்ணிலேயே படாது. பொதுப்பணத்தைக் கண்காணிக்கும் வேலை முக்கியமானது என்று நம்புகிறவன் நான். அதனால்தான் அதைப் பொறுமையாகச் செய்ய வேண்டும் என்கிறேன். இதழியல் மாணவர்கள், தரவு பழகுகிறவர்கள், வேளாண் பொருளாதாரம் படிக்கிறவர்கள், சும்மா தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் என எல்லோருக்கும் பயன்படும்படி எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எதற்காகக் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

2020 மார்ச்சில் பள்ளிகளும் உணவகங்களும் விடுதிகளும் ஒரேயடியாக மூடின. அமெரிக்காவில் கடைக்குப் போகும் உணவுக்கு ஒரு வழி, உணவகத்துக்கும் பள்ளிக்கும் போகும் உணவுக்கு வேறு வழி. பள்ளிக்கூடத்துக்கான சின்ன அட்டைப்பெட்டியில் பால் நிரப்பும் ஆலை, மறுவாரமே வீட்டுக்கான பெரிய கேனில் நிரப்ப முடியாது. விஸ்கான்சினில் பாலைக் கீழே கொட்டினார்கள். ஐடஹோவில் வெங்காயத்தைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். ஏப்ரலில் தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரில் இருந்த பெரிய பன்றி இறைச்சி ஆலை, தொழிலாளர்களிடையே தொற்று பரவியதால் மூடப்பட்டது. வேறு ஆலைகளும் அப்படியே நின்றன. பன்றிகள் வளர்ந்துகொண்டே போக, வாங்க ஆளில்லாமல் பல பண்ணைகளில் அவற்றைக் கொல்ல வேண்டிவந்தது.

ஆக, பண்ணைகளுக்கு வந்த அடி இரண்டு வகை. ஒன்று, பொருள் விற்காமல் போனது. மற்றொன்று, விற்றாலும் விலை விழுந்தது. அரசு வகுத்த முதல் திட்டம் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொண்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல வியப்புகளுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் படி: எந்தப் பணம் எந்தத் திட்டம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. "கொரோனா நிவாரணம்" என்ற ஒரே பெயரில் பேசப்படும் பணம் உண்மையில் பல பைகளிலிருந்து வந்தது.

முதன்மையானது கொரோனா வைரஸ் உணவு உதவித் திட்டம். சுருக்கமாக சிஎஃப்ஏபி. 2020 ஏப்ரல் 17 அன்று அப்போதைய வேளாண் அமைச்சர் சன்னி பெர்டியூ காலத்தில் அறிவிக்கப்பட்டது. மொத்தம் 1,900 கோடி டாலர். அதில் 1,600 கோடி பண்ணைகளுக்கு நேரடியாக, 300 கோடி உணவு வாங்கி விநியோகிக்க. நேரடிப் பணத்தில் 950 கோடி, மார்ச் 27-ல் கையெழுத்தான கேர்ஸ் என்ற கொரோனா நிவாரணச் சட்டத்திலிருந்து வந்தது. மீதி 650 கோடி, பண்டக் கடன் கழகத்திலிருந்து வந்தது. சிசிசி என்று சொல்லப்படும் இந்தக் கழகம் 1933-லிருந்து இருப்பது. அரசுக் கருவூலத்திலிருந்து 3,000 கோடி டாலர் வரை கடன் வாங்கிச் செலவழிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. ஒரே திட்டத்துக்கு இரண்டு பைகள் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். தேடும்போது இதனால் என்ன தொல்லை வரும் என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

சிஎஃப்ஏபி 1-க்கு 2020 மே 26-லிருந்து செப்டம்பர் 11 வரை விண்ணப்பம் வாங்கினார்கள். சிஎஃப்ஏபி 2-க்கு செப்டம்பர் 21-லிருந்து டிசம்பர் 11 வரை. இரண்டாவது 2021 ஏப்ரலில் மறுபடி திறக்கப்பட்டு, அக்டோபர் 12 வரை நீடித்தது. இரண்டும் சேர்ந்து கொடுத்த தொகை 3,000 கோடி டாலரைத் தாண்டியது.

அப்புறம் பிபிபி எனப்படும் ஊதியப் பாதுகாப்புத் திட்டம். இது சிறு நிறுவனங்கள் ஆட்களை வேலையில் வைத்திருக்கக் கொடுத்த கடன். விதிப்படி செலவழித்தால் கடன் தள்ளுபடி ஆகிவிடும் என்பதால் நடைமுறையில் இதுவும் மானியமே. ஆனால் இதை நடத்தியது வேளாண் துறை அல்ல, சிறு வணிக நிர்வாகம். இந்தத் தரவு வேறு தளத்தில், வேறு வடிவில் கிடைக்கும்.

2021 மார்ச்சிலிருந்து, டாம் வில்சாக் அமைச்சரான பிறகு, விடுபட்டவர்களுக்காகச் சில சிறு திட்டங்கள் வந்தன. விற்க வழியின்றிக் கொல்லப்பட்ட கால்நடைகளுக்கு ஒன்று, திறந்த சந்தையில் பன்றி விற்றவர்களுக்கு ஒன்று, பால் விலைக் கணக்கில் நட்டப்பட்டவர்களுக்கு ஒன்று, 2020 வருமானம் குறைந்த பண்ணைகளுக்கு 2023-ல் ஒன்று என்று பட்டியல் நீளும். முதல்முறை ஆராய்கிறவர் இவற்றின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

கொரோனா அல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சீனாவுடன் வந்த வர்த்தகச் சண்டைக்காக 2018-லும் 2019-லும் அறிவிக்கப்பட்ட சந்தை ஊக்கத் திட்டத்தின் கடைசித் தவணை 2020 தொடக்கத்தில்தான் பட்டுவாடா ஆனது. 2020-ன் மொத்தத் தொகையை எடுத்து "இதெல்லாம் கொரோனா பணம்" என்று எழுதினால் அது பிழை. பயிர்க் காப்பீடும் வழக்கமான விலை ஆதரவும் தனி. ஆண்டு மொத்தத்தை ஒருபோதும் அப்படியே எடுத்தாளாதீர்கள், திட்டத்தின் பெயரால் வடிகட்டுங்கள்.

மூன்றாம் படி: கேள்வியை முடிவு செய்துவிட்டுத் தளத்தைத் திறங்கள்

நீங்கள் கேட்கும் கேள்வியைப் பொறுத்துத்தான் எந்தத் தளம் என்பது முடிவாகும்.

மொத்தம் எவ்வளவு, எந்த மாநிலத்துக்கு எவ்வளவு, எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்றால் வேளாண் துறையான யுஎஸ்டிஏ வெளியிட்ட சிஎஃப்ஏபி தொகுப்பு அட்டவணைகளே போதும். சோளத்துக்கு, மாட்டுக்கு, பாலுக்கு என்று தனித்தனியாக இருக்கும். அங்கே பெயர்கள் இருக்காது.

பெயர் வாரியாக வேண்டும் என்றால் பண்ணைச் சேவை முகமை வெளியிடும் பட்டுவாடாக் கோப்புகளுக்குப் போங்கள். எஃப்எஸ்ஏ என்று சொல்லப்படும் இந்த முகமைதான் நாடு முழுவதும் 2,000-க்கும் மேற்பட்ட கவுண்டி அலுவலகங்கள் வழியாகப் பணத்தைக் கொடுத்தது. அதன் தளத்தில் மின்னணு வாசிப்பறை என்ற பகுதியில் பணம் பெற்றவரின் பெயர், முகவரி, திட்டம், தொகை, தேதி கொண்ட கோப்புகளைப் பதிவிறக்கலாம். இந்த மூலக் கோப்புகளை வாங்கித் தேடுவதற்கு எளிதாக்கித் தருகிறது சுற்றுச்சூழல் செயற்குழு என்ற தன்னார்வ அமைப்பு. இடபிள்யூஜி என்று தேடினால் அதன் பண்ணை மானியத் தரவுத்தளம் கிடைக்கும். அஞ்சல் குறியீட்டைப் போட்டாலே பட்டியல் வந்துவிடும். தொடங்க அது வசதியான இடம். ஆனால் அந்த அமைப்புக்கு மானியக் கொள்கை பற்றி உறுதியான கருத்து உண்டு, அதை ஒளிக்கவும் இல்லை. எனவே எண்ணை அங்கே கண்டுபிடியுங்கள், மூலக் கோப்பில் சரிபாருங்கள்.

மூன்றாவது இடம் யுஎஸ்ஏஸ்பெண்டிங் என்ற அரசுத் தளம். கூட்டரசின் எல்லாச் செலவும் அங்கே இருக்கும் என்பார்கள். அது பெரும்பாலும் உண்மைதான், ஆனால் பண்ணைப் பணத்துக்கு அது அவ்வளவு உதவாது. தனிநபர்களுக்குப் போன தொகைகளை அங்கே கவுண்டி அளவில் மொத்தமாகக் கூட்டி, பெயரின் இடத்தில் "பல பயனாளிகள்" என்று போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் அங்கே ஓர் எண் உண்டு. சிஎஃப்ஏபி முதல் சுற்றுக்கு 10.130, பிபிபிக்கு 59.073. அந்த எண்ணை வைத்துத் தேடுங்கள். கொரோனா செலவு என்ற வடிகட்டியை மட்டும் நம்பினால், இரண்டாம் படியில் சொன்ன சிசிசி பையிலிருந்து போன பகுதி விடுபட்டுப்போகலாம்.

பெயரெல்லாம் வெளியிடுவது சரியா என்று சிலருக்குத் தயக்கம் வரும். நியாயமான தயக்கம். 2008 பண்ணைச் சட்டத்தின் 1619-ஆம் பிரிவு, விவசாயி அரசிடம் சொன்ன நிலம், பயிர், சாகுபடி முறை பற்றிய விவரங்களை வெளியிடக் கூடாது என்கிறது. அதே பிரிவு, பணம் வாங்கியவரின் பெயர், முகவரி, தொகை ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. எனவே யார் வாங்கினார் என்பது தெரியும், எத்தனை ஏக்கருக்கு வாங்கினார் என்பது தெரியாது. நீங்கள் ஆராயப்போவது முழுக்க இந்த எல்லைக்குள்தான்.

நான்காம் படி: கோப்பைத் திறந்ததும் கவனிக்க வேண்டியவை

கோப்புகள் பெரியவை. எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரிசைகளுக்கு மேல் எடுக்காது, மீதி விடுபட்டுவிடும். கோப்பு அந்த அளவைத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மாநிலம் மாநிலமாகப் பிரித்துத் திறங்கள். பைத்தான், ஆர் போன்ற நிரல்மொழிகள் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் ஒரே ஒரு மாநிலத்தை எடுத்துக்கொண்டு முழுமையாகப் பழகுவதே மேல்.

ஒரு வரிசை என்பது ஒரு பட்டுவாடா, ஒரு விவசாயி அல்ல. சிஎஃப்ஏபி முதல் சுற்றில் முதலில் 80 சதவீதம் கொடுத்து, பணம் தீர்ந்துவிடாது என்று தெரிந்தபின் ஆகஸ்டில் மீதி 20 சதவீதம் கொடுத்தார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு வரிசைகள் இருக்கும். வரிசைகளை எண்ணி "இத்தனை விவசாயிகள் பெற்றார்கள்" என்று எழுதிவிடாதீர்கள். கழித்தல் குறியோடு வரும் தொகைகளும் இருக்கும். அவை பெரும்பாலும் கூடுதலாகக் கொடுத்ததைத் திருத்தியவை. அவற்றை நீக்காமல் கூட்டலில் சேருங்கள்.

ஒரே பண்ணை பல எழுத்துகளில் வரும். வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனத்தைக் குறிக்கும் எல்எல்சி என்பது ஒரு வரிசையில் புள்ளியோடும் இன்னொன்றில் புள்ளி இல்லாமலும், "அண்ட் சன்ஸ்" என்பது ஒரு வரிசையில் குறியீடாகவும் இன்னொன்றில் சொல்லாகவும் இருக்கும். பெயரையும் முகவரியையும் சேர்த்துப் பொருத்துங்கள். பெயர் மட்டும் ஒத்தால் அது ஒரே ஆள் என்று முடிவுகட்டாதீர்கள். அப்பா பெயரே மகனுக்கும் இருப்பது அங்கே சர்வ சாதாரணம்.

முகவரி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அது பணம் பெற்றவரின் அஞ்சல் முகவரிதான், பண்ணை இருக்கும் இடமாக இருக்க வேண்டியதில்லை. அயோவா நிலத்தின் பங்குதாரர் சிகாகோவில் குடியிருக்கலாம். "நகரத்துக்காரர்களுக்குப் போன பண்ணைப் பணம்" என்று தலைப்பு வைக்க ஆசை வரும் இடம் இது. பரம்பரை நிலத்தில் பங்கு வைத்துக்கொண்டு விளைச்சலின் நட்டத்தையும் பகிர்ந்துகொள்கிறவர் எங்கே குடியிருந்தாலும் விதிப்படி தகுதியுள்ளவரே. அந்த விதி சரியா என்று கேட்கலாம், அது வேறு கேள்வி.

ஆண்டுக் கணக்கையும் பாருங்கள். அமெரிக்கக் கூட்டரசின் நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கி செப்டம்பர் 30-ல் முடிகிறது. சிஎஃப்ஏபி முதல் சுற்றில் 2020 கோடையில் போன பணம் 2020 நிதியாண்டில் விழும். இரண்டாம் சுற்றின் பெரும்பகுதி 2020 இலையுதிர் காலத்தில் போனாலும் 2021 நிதியாண்டில்தான் வரும். இரண்டு தளங்களின் எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால், ஏதோ மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படுவதற்கு முன் எது நாட்காட்டி ஆண்டு, எது நிதியாண்டு என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: சூத்திரத்தை நீங்களே போட்டுப் பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. இரண்டாம் சுற்றில் பொருள்களை மூன்றாகப் பிரித்தார்கள். விலை விழுந்த முக்கியப் பயிர்களும் கால்நடையும் ஒரு வகை, ஏக்கருக்கு 15 டாலர் வீதம் மட்டும் பெறும் பயிர்கள் ஒரு வகை, காய்கறி பழம் போல 2019 விற்பனையின் அடிப்படையில் பெறுபவை ஒரு வகை.

சோளத்தை எடுத்துக்கொள்வோம். ஏக்கர் எண்ணிக்கையை அந்தப் பண்ணையின் சராசரி விளைச்சலால் பெருக்கி, அதில் 40 சதவீதத்தை எடுத்து, புஷெலுக்கு 58 சென்ட் வீதம் கொடுத்தார்கள். சோளத்தில் ஒரு புஷெல் என்பது ஏறக்குறைய 25 கிலோ. ஏக்கருக்கு 180 புஷெல் விளையும் 1,000 ஏக்கர் பண்ணைக்கு 1,80,000 புஷெல். அதன் 40 சதவீதம் 72,000. 58 சென்டால் பெருக்கினால் 41,760 டாலர்.

இப்போது ஒரு சின்னக் காய்கறிப் பண்ணை. 2019-ல் விற்பனை 60,000 டாலர். முதல் 49,999 டாலருக்கு 10.6 சதவீதம், அதற்கு மேல் 99,999 வரை 9.9 சதவீதம். கூட்டினால் ஏறத்தாழ 6,290 டாலர். விற்பனை ஏற ஏற விகிதம் மெல்லக் குறைந்து, பத்து லட்சம் டாலரைத் தாண்டிய பகுதிக்கு 8.8 சதவீதத்தில் நிற்கும்.

இரண்டு கணக்கிலும் ஒன்றைப் பாருங்கள். "உங்களுக்கு உண்மையில் எவ்வளவு நட்டம்?" என்று சூத்திரம் கேட்கவே இல்லை. எவ்வளவு விளைத்தீர்கள், எவ்வளவு விற்றீர்கள் என்றுதான் கேட்கிறது. பெரிய பண்ணைக்குப் பெரிய தொகை போவது இந்த அமைப்பிலேயே இருக்கிறது. அதற்கு யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை. விலை பின்னால் ஏறினால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. 2020 ஆகஸ்டிலிருந்து சோளம் விலை ஏறத் தொடங்கி, 2021 ஜனவரியில் புஷெல் 5 டாலரைத் தாண்டியது. அந்த நல்ல விலையையும் நிவாரணத்தையும் சேர்த்து வாங்கியவர்கள் உண்டு.

இப்படி வடிவமைத்ததற்குக் காரணம் வேகம். ஒவ்வொரு பண்ணையின் நட்டத்தையும் கணக்குப் பார்த்திருந்தால் ஓராண்டு ஆகியிருக்கும். முகமையின் கையில் இருந்த ஏக்கர் கணக்கை வைத்தும், விவசாயி தானே கையெழுத்திட்டுச் சொன்ன எண்ணை வைத்தும், சில வாரங்களில் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் வேகம் தேவைப்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வேகத்தில் சிலர் விடுபட்டார்கள். நிறுவனங்களுக்காக ஒப்பந்தத்தில் கோழி வளர்த்துக் கொடுக்கும் விவசாயிகள், கோழி தங்களுடையது அல்ல என்பதால் முதலில் எதுவும் பெறவில்லை. ஆலை குஞ்சு அனுப்பாவிட்டால் வருமானம் நிற்பது அவர்களுக்குத்தான். 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்துக்குப் பிறகே அவர்களுக்கு வழி பிறந்தது. விடுபட்டவர்களின் பெயர் எந்தக் கோப்பிலும் இருக்காது. தரவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்கள் நினைவுக்கே வரமாட்டார்கள். அதனால் உங்கள் ஆய்வில் இந்தக் கேள்விக்குத் தனியாக இடம் ஒதுக்குங்கள்.

ஆறாம் படி: உச்சவரம்பைச் சரிபாருங்கள்

ஒரு நபருக்கோ நிறுவனத்துக்கோ ஒரு சுற்றில் 2,50,000 டாலர் வரை. இரண்டு சுற்றுக்கும் தனித்தனி வரம்பு. பெரிய தொகை கண்ணில் பட்டால் முதலில் இதோடு ஒப்பிடுங்கள்.

எடுத்துக்காட்டாக, முதல் சுற்றில், 2020 ஜனவரி 15-க்கும் ஏப்ரல் 15-க்கும் இடையில் விற்ற, வெட்டுக்குத் தயாரான தீவன மாட்டுக்குத் தலைக்கு 214 டாலர். 2,000 மாடு விற்ற கொட்டில் என்றால் 4,28,000 டாலர் கணக்கு வரும். தனி ஆள் என்றால் 2,50,000-லேயே நின்றுவிடும். அதே கொட்டில் எல்எல்சியாகவோ கார்ப்பரேஷனாகவோ இருந்து, இரண்டு உறுப்பினர்கள் ஆளுக்கு 400 மணி நேரமாவது உழைப்போ நிர்வாகமோ செய்திருந்தால் வரம்பு 5,00,000 ஆகும். மூவர் என்றால் 7,50,000. அதற்கு மேல் கிடையாது. ஆனால் பொதுக் கூட்டாண்மை என்ற அமைப்பில் வரம்பு ஒவ்வொரு கூட்டாளிக்கும் தனித்தனியாகக் கணக்காகும். பத்து உறவினர்கள் கூட்டாளிகளாக உள்ள பண்ணையின் பெயரில் பத்து லட்சத்துக்கு மேல் ஒரே வரிசையில் நின்றாலும் அது விதிமீறல் ஆகாது.

வருமான வரம்பும் உண்டு. 2016, 2017, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளின் சராசரி வருமானம் 9,00,000 டாலரைத் தாண்டினால் தகுதி இல்லை. ஆனால் அதில் 75 சதவீதமோ அதற்கு மேலோ விவசாயத்திலிருந்து வந்திருந்தால் அந்த வரம்பு பொருந்தாது.

என் கருத்து இது: பெயர்களின் வரிசையை விட இந்த 400 மணி நேர விதியும் கூட்டாண்மை விதியும்தான் எழுதப்பட வேண்டிய செய்தி. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓவும் 2022-ல் இந்தத் திட்டத்தை ஆராய்ந்து, விவசாயிகள் தாமே சொன்ன கணக்கை இன்னும் கடுமையாகச் சரிபார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத் தரவுக்கு வாருங்கள், பாதி வேலை மிச்சம்.

ஏழாம் படி: பிபிபி கோப்பைச் சேர்த்துப் பாருங்கள்

2020 ஜூலையில் முதலில் வெளியிட்டபோது பெரிய கடன்களுக்கு மட்டுமே பெயர் இருந்தது. செய்தி நிறுவனங்கள் வழக்குப் போட்டு, நீதிமன்ற உத்தரவு வந்தபின் டிசம்பரில் முழுப் பட்டியலும் சரியான தொகையும் வந்தன. 1,50,000 டாலருக்கு மேற்பட்டவை ஒரு கோப்பிலும், அதற்குக் கீழானவை பல கோப்புகளிலும் இருக்கும். மொத்தம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கடன்கள் என்பதால் தொழில் குறியீட்டால் வடிகட்டிவிட்டுத் திறங்கள். 111-ல் தொடங்குபவை பயிர், 112-ல் தொடங்குபவை கால்நடை.

ஆளில்லாமல் தானே உழைக்கும் சிறு விவசாயிகளின் கடன் பெரும்பாலும் 20,833 டாலரிலோ அதற்குக் கீழோ இருக்கும். ஆண்டுக்கு 1,00,000 டாலர் என்ற வரம்பில் இரண்டரை மாதத் தொகை அது. அதே எண் நூற்றுக்கணக்கான வரிசைகளில் திரும்பத் திரும்ப வந்தால் மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். 2020 டிசம்பர் சட்டத் திருத்தத்துக்குப் பின் நிகர லாபத்துக்குப் பதிலாக மொத்த வரவை வைத்துக் கணக்கிட விவசாயிகளுக்கு அனுமதி கிடைத்தது. லாபமே காட்டாத பண்ணைகளும் அப்போதுதான் கடன் பெற முடிந்தது.

ஆனால் மோசடியும் நடந்தது. நியூஜெர்சியின் கடற்கரை ஊர்களில் இல்லாத பண்ணைகளின் பெயரில் பிபிபி கடன் போயிருப்பதை 2021 மே மாதம் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் வெளிக்கொண்டு வந்தது. அவர்கள் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். கோப்பு சொல்லும் பயிர் அந்தக் கவுண்டியில் விளைகிறதா என்று வேளாண் கணக்கெடுப்பில் பாருங்கள். முகவரியை வரைபடத்தில் போட்டு அங்கே வயல் இருக்கிறதா, வீட்டு மனையா என்று பாருங்கள். மாநில நிறுவனப் பதிவேட்டில் அந்தப் பெயர் உண்டா என்று பாருங்கள். மூன்றும் உதைத்தால்தான் சந்தேகம் என்ற சொல்லையே எடுக்க வேண்டும். அப்போதும் அந்த முகவரிக்காரரே ஏமாற்றினார் என்று பொருளல்ல. அவருடைய அடையாளத்தை வேறு யாரோ திருடியிருக்கலாம்.

எட்டாம் படி: எதால் வகுக்கிறீர்கள்?

"சராசரியாக ஒரு பண்ணைக்கு இவ்வளவு" என்று எழுதும்முன் பண்ணை என்றால் என்ன என்று பாருங்கள். ஆண்டுக்கு 1,000 டாலர் மதிப்புள்ள விளைபொருளை விற்கக்கூடிய இடம் எதுவும் அமெரிக்கக் கணக்கெடுப்பில் பண்ணைதான். 2017 கணக்கெடுப்பில் அப்படி 20 லட்சத்துக்குச் சற்று மேல் இருந்தன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் குறைவாக விற்பவை. அங்கே குடும்பத்தின் சம்பாத்தியம் வெளிவேலையிலிருந்து வருகிறது. பல பண்ணைகள் விண்ணப்பிக்கவே இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து வகுத்தால் யாருக்கும் பொருந்தாத ஓர் எண் கிடைக்கும். விற்பனை அளவு வாரியாகப் பிரித்து, அல்லது ஒரே பயிரை எடுத்து ஒப்பிடுங்கள்.

கடைசிப் படி: கோப்பில் இல்லாததைக் கேட்டு எழுதுங்கள்

பெயரை வெளியிடும் எண்ணம் இருந்தால், முதலில் அந்தப் பண்ணைக்குத் தொலைபேசியில் பேசுங்கள். பெரும்பாலானோர் விளக்கம் சொல்வார்கள். அந்த விளக்கத்திலிருந்தே உங்கள் கட்டுரைக்கு நல்ல பகுதி கிடைக்கும். சின்ன ஊர்களில் அண்டை வீட்டாரெல்லாம் இந்தப் பட்டியலைப் பார்த்திருப்பார்கள். உங்கள் ஒரு வரி அங்கே நெடுநாள் பேசப்படும் என்பதை மறக்க வேண்டாம்.

கோப்பில் இல்லாத விவரத்துக்கு 1966-ன் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் யுஎஸ்டிஏவுக்கு எழுதலாம். குடியுரிமை தேவையில்லை, எந்த நாட்டிலிருந்தும் கேட்கலாம். திட்டத்தின் பெயர், தேதி எல்லை, கவுண்டி, எந்தெந்த நெடுவரிசைகள் வேண்டும் என்பதைத் துல்லியமாகக் குறிப்பிடுங்கள். "எல்லா ஆவணங்களும்" என்று கேட்டால் தாமதமாகும், கட்டணமும் கூடும். ஏக்கர், பயிர் விவரத்தைத் தனிநபர் அளவில் கேட்டால் 1619-ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள். அதையே கவுண்டி அளவில் தொகுத்துக் கேட்டுப் பாருங்கள். அட்டவணையாகத் திறக்கக்கூடிய சிஎஸ்வி வடிவில் தரும்படி எழுதுங்கள், இல்லையென்றால் ஸ்கேன் செய்த பக்கங்கள் வந்து சேரலாம். எவ்வளவு கட்டணம் வரை கொடுக்கத் தயார் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சட்டப்படி 20 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். நடைமுறையில் மாதங்கள் ஆகலாம். கடிதம் கிடைத்ததும் அவர்கள் தரும் பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து எதைக் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.